காங்கேசன்துறைத் தொகுதியும் அதன் வெற்றாசனமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே அமைந்து, வலிகாமம் வடக்கெனப்படும் நிலப்பகுதியைப் பெரும்பாலும் தன்னகத்தே கொண்டது காங்கேசன்துறைத் தேர்தற்றொகுதி. முருகப்பெருமானின் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலின் காங்கேயன்துறையெனப் பெயர்பெற்றதென்பது கர்ணபரம்பரை. மாவிட்டபுரமும் கீரிமலையும் இத்தொகுதியின் இரு கண்கள் எனலாம். ஆயினும் கோயில்களைக் கொண்டு மாத்திரம் இதன் குடிகளை அளத்தல் பொருந்தாது. தெல்லிப்பழை, மல்லாகம் ஆகிய ஊர்களின் செம்மண்ணிலே பயிர்செய்யும் வேளாண் மக்களும், மயிலிட்டிக் கரையிலே கடற்றொழில் செய்வோரும், இளவாலைக் கத்தோலிக்கரும், அமெரிக்க மிஷனார் 1816இல் அடியெடுத்துவைத்த தெல்லிப்பழையின் புரொட்டெஸ்தாந்தரும் இங்கே அயலவராய் வாழ்ந்தனர். 1902இல் புகையிரதமும் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலையும் வந்தபின்னர்ச் சம்பளத்துக்கு உழைக்கும் தொழிலாளர் கூட்டமொன்றும் இவர்களோடு சேர்ந்தது.

இத்தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதப்புகுவோர், யார் வென்றார், எத்தனை வாக்கால் வென்றார் என்று அட்டவணை வரைந்து அமைவது வழக்கம். யாம் அவ்வட்டவணையின் இடைவெளிகளையே முதற்கண் நோக்குகின்றோம். மூன்று முறை இவ்வாசனம் வெறுமையாய்க் கிடந்தது. மூன்று முறையும் வெவ்வேறு காரணம் பற்றிக் கிடந்தது.

முதலாவது வெறுமை 1931இல் நேர்ந்தது. டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் அரசாங்க சபைக்கு நடந்த முதற்றேர்தலிலே குடாநாட்டுக்கு யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என நான்கு தொகுதிகள் கிடைத்தன. பூரண சுயராச்சியம் தராத திட்டம் எமக்கு வேண்டா என்று யாழ்ப்பாண வாலிப காங்கிரஸார் பகிஷ்காரம் செய்யவே, நான்கிலும் அபேட்சகர் எவரும் முன்வந்திலர். அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் எம்போல் ஆசிரியத் தொழில் புரிந்தவர். பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானவர். அவர்தம் இலட்சியத்தின் தூய்மையை ஐயுறுவாரில்லை. எனினும் சர்வசன வாக்குரிமை இலங்கைக்கு வந்த முதல் வாய்ப்பு அதுவேயாம். பெண்டிரும் கூலியாளரும் தாழ்த்தப்பட்டோரும் தம் வாழ்நாளில் முதன்முறையாகப் பெற்ற வாக்கை, அவர்களைக் கேளாமலே மற்றையோர் மடித்துவைத்தனர் என்பதும் உண்மையே. 1934இல் உபதேர்தல் நடைபெற்றுச் சு. நடேசன் அங்கத்தவரானார். இவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருகர். பரமேசுவராக் கல்லூரி அதிபர். 1947 வரை அரசாங்க சபையில் இத்தொகுதிக்காக அமர்ந்தவர் இவரே.

சோல்பரித் திட்டம் வந்தபோது தொகுதிகள் புதிதாக வகுக்கப்பெற்றன. எழுபத்தையாயிரம் மக்களுக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுரமைல் நிலத்துக்கு ஓர் ஆசனம் என்பது விதி. ஆட்களையும் எண்ணி, நிலத்தையும் எண்ணும் இவ்விதியினால், மக்கள் தொகை குறைந்த மாகாணங்களும் பயன்பெற்றன. வடமாகாணத்துக்கு ஒன்பது ஆசனங்கள் கிட்டின, அவற்றுளொன்று காங்கேசன்துறை. 1959ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயத்தால் உடுவில், நல்லூர், உடுப்பிட்டி, கிளிநொச்சி எனப் புதிய தொகுதிகள் தோன்றின.

1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் வென்றவர் சா. ஜே. வே. செல்வநாயகம். மலாயாவின் ஈப்போவிலே பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்தவர். மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த காலத்திலே தம் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தைப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். பிரிந்தவருக்குத் தொகுதி உடனே கைகொடுக்கவில்லை. 1952இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்ற நடேசனே வென்றார். தமிழரசுக் கட்சிக்குக் கோப்பாயும் திருகோணமலையும் மாத்திரமே கிடைத்தன. செல்வநாயகத்தை என்றும் தோல்வியறியாதவராக நினைக்கும் மாணாக்கர் இவ்வாண்டை மறத்தலாகாது. சிங்களம் மட்டும் என்ற முழக்கம் எழுந்த 1956இலேதான் தொகுதி அவரிடம் மீண்டது. அதன்பின் அவரிருக்குமட்டும் வேறொருவருக்குப் போகவில்லை.

சைவத்தலங்கள் நிறைந்த தொகுதி ஒரு கிறிஸ்தவரை ஏழுமுறை தெரிந்தெடுத்தது எமக்குப் பெருமையே. ஆயின் அப்பெருமையோடு 1968ஐயும் சேர்த்துச் சொல்லவேண்டும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் உட்புக முயன்றபோது, கணிதப் பேராசிரியராயிருந்த சி. சுந்தரலிங்கம் வாயிலில் நின்று மறித்தார். மறித்தவர் 1970இல் அத்தொகுதியிலேயே அபேட்சகராகவும் நின்றார். அத்தேர்தலிற் செல்வநாயகம் பெற்றது 13,520 வாக்கு. அளிக்கப்பட்டவற்றுட் பாதிக்கும் குறைவு. அடுத்து வந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வ. பொன்னம்பலம்.

இரண்டாவது வெறுமை செல்வநாயகம் தாமே உண்டாக்கியது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பைத் தமிழர் ஏற்றிலர் என்பதைக் காட்டும்பொருட்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தியடிகள் பிறந்தநாளன்று, பதவி துறந்தார். உபதேர்தல் வைத்து என் மக்களைக் கேட்டறிக என்பதே அரசினருக்கு அவர் விடுத்த அறைகூவல். அரசினர் இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் தாழ்த்தனர். வினாவொன்று கேட்கப்பட்டு, விடையெழுதும் மண்டபம் பூட்டிக்கிடந்தது போலாயிற்று. 1975 பெப்ரவரி 6இல் வாக்கெடுப்பு நிகழ்ந்தபோது செல்வநாயகம் 25,927 வாக்கும், பொன்னம்பலம் 9,457 வாக்கும் பெற்றனர், வித்தியாசம் 16,470.

இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஐந்தாண்டுக்குள் செல்வநாயகத்தின் வாக்கு ஏறக்குறைய இருமடங்காயிற்று. ஆயினும் எதிரே நின்ற இடதுசாரி அபேட்சகரை ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அப்பொழுதும் கைவிட்டிலர். ஆலைத் தொழிலாளரும், கோயில் வாயிலில் மறிக்கப்பட்டோரும், அமைச்சரவையின் துணையை நாடியோரும் அத்தொகையுள் இருந்திருப்பர் என்பது என் எண்ணம். அத்தேர்தலை முழுத் தொகுதியின் ஒரே குரல் என்பாரும், வெறும் கட்சி வெற்றி என்பாரும் எண்களைச் செவ்வனே வாசித்தவரல்லர். செல்வநாயகமோ அதனைத் தமிழீழத்துக்கான ஆணையென்று கொண்டார். அடுத்த ஆண்டு வட்டுக்கோட்டைத் தொகுதியிலுள்ள பண்ணாகத்திலே கூட்டணியின் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்ரிலில் அவர் மறைந்தார்.

அவ்வாண்டு ஜூலையில் அவருடைய இடத்துக்கு அ. அமிர்தலிங்கம் வந்தார். 1970இல் வட்டுக்கோட்டையிலே தோற்றவர், காங்கேசன்துறையில் 31,155 வாக்குப் பெற்றுப் பாராளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவருமானார். காங்கேசன்துறை தனியொரு தொகுதியாய்த் தெரிந்தெடுத்த கடைசி அங்கத்தவர் அவரே. பிரிவினைக்கு எதிராகச் சத்தியஞ்செய்யும்படி விதித்த ஆறாந் திருத்தம் 1983 ஓகஸ்டில் நிறைவேறவே, கூட்டணியினர் சத்தியஞ்செய்யாது ஒதுங்கி, ஒக்டோபரில் ஆசனங்களை இழந்தனர். மூன்றாவது வெறுமை இதுவாம். 1931இல் வாக்காளரைத் தலைவர் தடுத்தனர். 1972இல் அங்கத்தவர் தாமே விலகினார். 1983இலோ சட்டம் கதவை அடைத்தது. ஐந்தாண்டுக்கு மேல் இத்தொகுதிக்காகப் பேசுதற்கு ஒருவரும் இலர்.

1989 பெப்ரவரித் தேர்தலிலே விகிதாசாரமுறை வந்தது. காங்கேசன்துறை, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பதினொரு வாக்கெடுப்புப் பிரிவுகளுள் ஒன்றாய்ச் சுருங்கியது. வாக்குகள் இன்றும் காங்கேசன்துறையென்ற பெயரிலே தனியே எண்ணப்படுகின்றன. அங்கத்தவர் மாத்திரம் அப்பெயரால் இல்லை. மல்லாகத்துப் பிள்ளையொருத்தி குடியியல் வகுப்பிலே, "எங்கள் தொகுதிக்கு யார் சேர்?" என்று கேட்டபோது யான் கூறிய விடை இதுவே. அவளுக்கு அது விடையாய்த் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டிலே, ஆசனமன்றி ஊரே வெறுமையாயிற்று. 1990 ஜூனில் மீண்ட போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தனர், சீமெந்தாலை நின்றது, புகையிரதமும் நின்றது. கரையோர ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. ஒரு தலைமுறை, தன் வீட்டிலிருந்து சில மைலுக்கப்பால், மல்லாகத்து முகாம்களிலே பிறந்து வளர்ந்தது. 2009க்குப்பின் நிலம் சிறிதுசிறிதாக விடுவிக்கப்பட்டது. 2015 ஜனவரியிற் புகையிரதம் காங்கேசன்துறையை மீண்டும் வந்தடைந்தது. ஆனால் புறப்பட்டவர் அனைவரும் அதில் ஏறி வரவில்லை.

ஆசனப் பங்கீட்டின் விதி இங்கேதான் உறைக்கின்றது. இப்பொழுது நாட்டின் 196 மாவட்ட ஆசனங்களுள் 36 மாகாணத்துக்கு நான்காகவும், எஞ்சிய 160 பதிவுபெற்ற வாக்காளர் தொகைக்கேற்பவும் பகிரப்படுகின்றன. கனடாவிலோ இலண்டனிலோ குடியேறியவரின் பெயர் இடாப்பிலிருந்து நீங்கும். அவர் விட்டுச்சென்ற வளவுக்கு வாக்கில்லை. யாழ்ப்பாண மாவட்டம் 2010இல் ஒன்பது பேரைத் தெரிந்தது; 2015இல் ஏழு பேரை; 2024இல் ஆறு பேரை.