அடுத்த மாதச் சம்பளம் யாருடையது?

சம்பளம் வந்த மறுநாள் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பைக் தவணை பிடித்தாகிவிட்டது. ஃபோன் தவணை பிடித்தாகிவிட்டது. கிரெடிட் கார்டு பாக்கிக்குக் கடைசித் தேதி 18. அதற்குக் கீழேயே ‘இன்று இரவு வரை மட்டும்’ என்று இன்னொரு தள்ளுபடி விளம்பரம். வீட்டில் பொருளுக்குக் குறைவில்லை. ஆனாலும் நல்லபடியாகத்தான் வாழ்கிறோமா என்ற கேள்வி மனதின் ஓரத்தில் கிடக்கிறது. அந்தக் கேள்வி உங்களுக்கும் இருந்தால், கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

பொருள் வாங்குவதே தப்பா?

இல்லவே இல்லை. ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிட்டு, ஒருமணி நேரத்துக்கு மேல் இட்லிக்கு அரைத்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், கிரைண்டர் என்ன கொடுத்தது என்று. தோள்வலி போனது. அந்த நேரம் கைக்கு வந்தது. தமிழ்நாடு அரசு 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது பலர் கேலி பேசினார்கள். அந்தப் பொருள்கள் போய்ச் சேர்ந்த சமையலறைகளைத் தெரிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

இதிலிருந்தே ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. ஒரு பொருளை வாங்குமுன் இப்படிக் கேளுங்கள்: இது என் நேரத்தைத் திருப்பித் தருமா, இல்லை என் நேரத்தைக் கேட்குமா? வாஷிங் மெஷின் தருகிறது. பழைய ஃபோன் நன்றாக இருக்கும்போதே வாங்கும் அடுத்த ஃபோன், பெரும்பாலும் கேட்கிறது.

ஆசைப்பட்டு வாங்கியது ஏன் சீக்கிரம் சலித்துவிடுகிறது?

கிடைத்த சுகத்துக்கு மனம் பழகிவிடுவதால். உளவியலாளர்கள் இதை ஹெடோனிக் அடாப்டேஷன் (புதுச் சுகம் சில நாளில் சாதாரணமாகிப்போவது) என்கிறார்கள். 1978-இல் பிலிப் பிரிக்மனும் இரண்டு சக ஆய்வாளர்களும், அமெரிக்காவின் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். பரிசு விழாத மற்றவர்களைவிட இவர்கள் அப்படியொன்றும் கூடுதல் மகிழ்ச்சியில் இல்லை. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு போன்ற சின்னச் சின்ன சந்தோஷங்களில் இவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைவாகவே இருந்தது.

அப்படியானால் பணத்தால் பயனே இல்லையா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வரவேண்டாம். 22 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. பின்னாளில் ஸ்வீடனில் லாட்டரிப் பரிசு பெற்ற ஆயிரக்கணக்கானோரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பணம் வந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி பல ஆண்டுகளுக்குப் பிறகும் கூடியே இருந்தது. அதில் பெரும் பங்கு, தங்கள் பணநிலை பற்றி அவர்களுக்கு இருந்த நிம்மதி. இரண்டையும் சேர்த்து யோசித்தால் எனக்குப் புரிவது இதுதான்: பணம் கையில் இருக்கிறது என்ற தைரியம் நீடிக்கிறது, பொருள் தரும் பரவசம் நீடிப்பதில்லை. நாமோ நீடிப்பதைக் கொடுத்து நீடிக்காததை வாங்குகிறோம்.

தவணை அந்தக் காலத்திலும் இருந்ததே?

இருந்தது. சிங்கர் நிறுவனம் 1850-களிலேயே தையல் இயந்திரத்தைத் தவணையில் விற்றது. ஆனால் தையல் இயந்திரம் தன் தவணையைத் தானே சம்பாதித்துக் கொடுக்கும். மற்ற பொருள்களுக்கு நம் ஊரில் சீட்டு இருந்தது. பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று மாதாமாதம் கட்டி, முடிவில்தான் பொருளைக் கையில் வாங்குவார்கள். சீட்டு நடத்தி ஏமாற்றியவர்கள் உண்டு, அதை மறக்கக்கூடாது. ஆனால் அந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. கட்டி முடிப்பதற்குள் அந்த ஆசை உண்மையானதா என்று தெரிந்துவிடும். இன்றைய தவணையில் பொருள் முதல் நாளே வந்துவிடுகிறது. ஆசை மூன்றாம் மாதம் தீர்ந்துபோகிறது. கட்டுவது மட்டும் பன்னிரண்டாம் மாதம் வரை ஓடுகிறது.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் வட்டியே இல்லை என்கிறார்களே?

24,000 ரூபாய் ஃபோன், 12 தவணை, மாதம் 2,000 என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம் என்றால், விற்பவர் 1,957 ரூபாயை முதலிலேயே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார். வங்கி மீதி 22,043 ரூபாயைக் கடனாகக் கொடுத்து, வட்டியோடு 24,000 ஆக வசூலிக்கிறது. கிரெடிட் கார்டில் வாங்கினால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அது 352 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 என்றால், வரியோடு இன்னொரு 235. ஆக, வட்டியில்லாத தவணைக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது சுமார் 590 ரூபாய். முழுப் பணமும் கொடுத்து வாங்கினால் அந்த 1,957-ஐக் குறைப்பீர்களா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது.

இதைவிட மோசமானது, கிரெடிட் கார்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டுவது. பாக்கி 20,000, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் வட்டி 700, அதற்கு ஜிஎஸ்டி 126. நீங்கள் 1,000 ரூபாய் கட்டினால் கடனில் கழிவது 174 மட்டும்தான்.

590 ரூபாய் ஒன்றும் பெரிய தொகை இல்லையே?

பெரிய தொகை இல்லைதான். உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. இன்று கையெழுத்துப் போடும்போது, இன்னும் வராத பன்னிரண்டு மாதங்களை அடகு வைக்கிறீர்கள். அந்த மாதங்களில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? மேலதிகாரி தினமும் அவமானப்படுத்துவார். வேலையை விட முடியாது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பீர்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஒரு வாரம் பக்கத்தில் இருக்க முடியாது. சம்பளம் குறைந்தாலும் மனசுக்குப் பிடித்த வேலை ஒன்று வரும். தவணைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பீர்கள். அர்த்தமுள்ள வாழ்க்கைக்கு இப்படிப்பட்ட நேரங்களில் ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோ சொல்லும் தெம்பு வேண்டும். தவணை முதலில் தின்பது அந்தத் தெம்பைத்தான்.

உங்கள் ஒருமணி நேரத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 25,000. பஸ், வெளிச் சாப்பாடு என்று வேலைக்குப் போவதற்காகவே ஆகும் செலவு 3,000 போக 22,000. 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேர வேலை, இரண்டு மணி நேரப் பயணம். மொத்தம் 260 மணி. ஒருமணிக்கு 85 ரூபாய் கூட வரவில்லை. அப்படியானால் 2,000 ரூபாய்த் தவணைக்காக மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் உழைக்கிறீர்கள். சிலசமயம் அந்தப் பொருள் அதற்குத் தகும். தகுமென்று தோன்றினால் தயங்காமல் வாங்குங்கள்.

எனக்குக் கட்டுப்பாடு போதவில்லையோ?

உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். எதிரே இருப்பது சாதாரணக் கடைக்காரர் இல்லை. ‘இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நீங்கள் எடுக்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவை ரத்து செய்யும் பொத்தானை ஒளித்துவைப்பது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் காட்டுவது. இவற்றுக்கு டார்க் பேட்டர்ன் (நம்மை அறியாமல் வாங்கவைக்கும் திரை வடிவமைப்பு) என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. உங்களுக்கு நடந்தால் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வீட்டில் செய்யக்கூடியது சுலபம். ஷாப்பிங் செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்துங்கள். சேமித்துவைத்த கார்டு எண்ணை அழியுங்கள். வேண்டியதை ஒரு தாளில் தேதியோடு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்; ஒரு மாதம் கழித்தும் வேண்டியிருந்தால் வாங்குங்கள். சீட்டு தந்த அந்தக் காத்திருப்பு இப்படித் திரும்பக் கிடைக்கும்.

ஊர் என்ன சொல்லும்?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி. எனக்காக வாங்குவதை நான் நிறுத்திவிடலாம். தங்கை மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தாய்மாமன் சீரைக் குறைக்க முடியுமா? அண்ணன் வைத்த தட்டு வரிசை எத்தனை என்று எண்ணிய கண்கள் நம் தட்டையும் எண்ணுமே? இந்த பயம் பொய்யானதில்லை. சீரும் மொய்யும் வெறும் ஆடம்பரமாகத் தொடங்கியவையும் இல்லை; ஒரு குடும்பத்தின் பெரிய செலவை உறவுகள் பகிர்ந்து சுமக்கும் ஏற்பாடுகள் அவை. அதனால் அவற்றை ஒரேயடியாக வெட்டச் சொல்லமாட்டேன்.

ஆனால் சீர் செய்யக் கடன் வாங்கும் நிலை வந்துவிட்டால் அந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். அங்கே பேசத்தான் வேண்டும், அதுவும் விசேஷத்துக்கு ஆறு மாதம் முன்பே. அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் உட்கார்ந்து “இனிமே நம்ம வீட்டு விசேஷத்துக்கு இவ்வளவுக்கு மேல யாரும் செய்ய வேண்டாம்” என்று ஒரு அளவு வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தனியாகக் குறைத்தால் கஞ்சன் என்பார்கள். எல்லோரும் சேர்ந்து குறைத்தால் அது அந்தக் குடும்பத்து வழக்கம் ஆகிவிடும். பேச்சை யார் தொடங்குவது? வசதி கூடியவர்தான் தொடங்க வேண்டும். இல்லாதவர் வாயிலிருந்து அது வந்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். உங்களுக்கு வசதி இருந்தால், உறவுகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப்பெரிய சீர் இதுதான் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் கேட்டால்?

பணம் இருக்கும்போது “காசில்லை” என்று சொல்லாதீர்கள், அவர்களுக்குத் தெரிந்துவிடும். “இந்த மாசம் பணம் இதுக்கு ஒதுக்கியிருக்கு, அடுத்த மாசம் பேசலாம்” என்று காரணத்தோடு சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேல் வீட்டுக் கணக்கு நோட்டைக் காட்டலாம்.

வாங்குவதைக் குறைத்தால் மட்டும் வாழ்க்கைக்கு அர்த்தம் வந்துவிடுமா?

வராது. இடம் மட்டும் கிடைக்கும். அந்த இடத்தை எதனால் நிரப்புவது என்பதுதான் பெரிய கேள்வி. ஜே.சி. குமரப்பா இதை ஆழமாக யோசித்தவர். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் தணிக்கையாளராகத் தேர்ந்து, பம்பாயில் தொழில் நடத்தி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1929-இல் காந்தியைச் சந்தித்தபின் கிராமத் தொழில்களுக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் இருந்த காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். பொருள் கூடினால் வாழ்க்கைத் தரம் உயர்ந்துவிட்டது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பொருள் கூடினால் வாழ்க்கை சிக்கலாகிறது, குறைந்தால் எளிதாகிறது. உயர்வும் தாழ்வும் அந்த மனிதனின் ஆற்றலும் பண்பும் வளர்வதைப் பொறுத்தவை என்பது அவர் பார்வை.

அதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் கேள்வி மாறுகிறது. இந்த வருடம் என்ன வாங்கினோம் என்பதற்குப் பதிலாக, இந்த வருடம் என்ன செய்யக் கற்றோம், யாருக்குப் பயன்பட்டோம், யாரோடு உட்கார்ந்து பேசினோம் என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் 1938-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் ஹார்வர்டு ஆய்வு 724 ஆண்களின் வாழ்க்கையை இளமையிலிருந்து பின்தொடர்ந்தது. முதுமையில் உடலும் மனமும் நன்றாக இருந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது நெருக்கமான உறவுகள்.

உறவுக்குப் பணம் அதிகம் வேண்டாம், நேரம் வேண்டும். உட்கார ஓர் இடமும் வேண்டும். காசு கொடுக்காமல் ஒருமணி நேரம் உட்காரும் இடம் உங்கள் ஊரில் எது என்று தேடிப் பாருங்கள். கிளை நூலகம், கோயில் பிராகாரம், பள்ளி மைதானம், கடற்கரை, கண்மாய்க் கரை. வாரம் ஒருநாள் மாலை மாலுக்குப் போவதற்குப் பதிலாக அங்கே போங்கள். முதல் சில வாரம் கை தானாகவே ஃபோனைத் தேடும். பிறகு பக்கத்தில் இருப்பவர் பேசத் தொடங்குவார்.

ஏற்கெனவே நான்கு தவணையில் மாட்டியிருக்கிறேனே?

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி, வட்டி என்ன. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள்; வட்டி பெரும்பாலும் அதில்தான் அதிகம். இருப்பவை முடியும்வரை புதுத் தவணை வேண்டாம். ஒரு தவணை முடிந்ததும் அந்தத் தொகையை அடுத்த கடனில் சேர்த்துக் கட்டுங்கள். எல்லாம் தீர்ந்தபின் அதே தொகையைத் தபால் நிலைய ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் கணக்கு) போடுங்கள்; மாதம் 100 ரூபாயிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

ஒவ்வொரு கடனும் முடிந்தவுடன், பாக்கி இல்லை என்ற சான்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பைக் கடன் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் அடமானப் பதிவையும் நீக்கச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்த அனுமதி ரத்தாகிவிட்டதா என்று வங்கியில் கேளுங்கள். அடுத்த மாதம் சம்பளம் வந்த மறுநாள், அந்தக் குறுஞ்செய்தி வரவில்லை என்பதை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.