பல்தட ஒலிப்பதிவுத் திட்டங்களின் காப்பும் மீட்பும்

பல்தட ஒலிப்பதிவுத் திட்டங்களின் காப்பும் மீட்பும் என்பது, எண்ணிமப் பல்தட ஒலிப்பதிவுக் கருவியில் செய்யப்பட்ட ஒரு பதிவை அதன் எல்லாக் கூறுகளுடனும் வேறோர் ஊடகத்தில் படியெடுத்து வைப்பதையும், தேவைப்படும்போது அப்படியிலிருந்து பதிவை மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவருவதையும் குறிக்கும். படியெடுத்து வைப்பது காப்பு எனவும், திரும்பக் கொண்டுவருவது மீட்பு எனவும் அழைக்கப்படுகின்றன. ஒரு காப்புநகல் பயனுள்ளதா என்பது அதை மீட்டுப் பார்த்த பின்னரே தெரியவரும் என்பதால், இவை இரண்டும் ஒரே செயலின் இரு பகுதிகளாகவே கொள்ளப்படுகின்றன.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடப்பட்ட பாட்டு அழிந்துபோனால், பாடகரை அழைத்து மீண்டும் பதிவு செய்ய இயலும். களத்தில் செய்யப்படும் பதிவுகளுக்கு இவ்வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. தூத்துக்குடியை மையமாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கடற்கரையின் வில்லுப்பாட்டு, மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்கள், முதியோரின் வாய்மொழி நினைவுகள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இக்கட்டுரையில் அக்கடற்கரை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

வரலாறு

ஒவ்வொரு குரலையும் இசைக்கருவியையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, பின்னர் ஒன்றாகக் கலக்கும் முறையே பல்தட ஒலிப்பதிவு ஆகும். அமெரிக்க கிதார் கலைஞர் லெஸ் பால் என்பவருக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 8 தட நாடாக் கருவி 1957-இல் அவரிடம் வழங்கப்பட்டது. நாடாக் காலத்தில் காப்பு என்பது ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடாவுக்குப் படியெடுப்பதாகவே இருந்தது. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் சற்றுக் கூடியது.

1992-இல் விற்பனைக்கு வந்த அலெசிஸ் ஏடாட் கருவி, எஸ்-விஎச்எஸ் நிகழ்பட நாடாவில் 8 எண்ணிமத் தடங்களைப் பதிந்தது. இரு ஏடாட் கருவிகளை ஒளியிழை வடத்தால் இணைத்துத் தரம் குறையாமல் படியெடுக்க முடிந்தது. எனினும் 40 நிமிடப் பதிவைப் படியெடுக்க 40 நிமிடங்கள் தேவைப்பட்டன. 1996-இல் வெளிவந்த ரோலண்ட் விஎஸ்-880 கருவி வன்வட்டில் பதிந்தது. அதன் காப்புநகல்கள் பெரும்பாலும் 100 மெகாபைட்டு கொள்ளளவுள்ள சிப் வட்டுகளில் எடுக்கப்பட்டன. 2009-இல் வெளிவந்த சூம் ஆர்16 போன்ற பிற்காலக் கருவிகள் எஸ்டி நினைவக அட்டையைப் பயன்படுத்துகின்றன. இதனால் படியெடுப்பது எளிதாயிற்று. கைதவறி அழிப்பதும் அதே அளவுக்கு எளிதாயிற்று.

திட்டத்தின் கூறுகள்

பல்தடக் கருவியில் "திட்டம்" அல்லது "பாடல்" எனக் காட்டப்படுவது ஒரே கோப்பு அன்று. அதில் பின்வருவன அடங்கும்:

- ஒவ்வொரு தடத்தின் ஒலிக்கோப்புகள்
- ஒரே தடத்தில் மாற்றாகப் பதிந்து வைக்கப்பட்ட மெய்நிகர் தடங்கள்
- எந்த ஒலித்துண்டு எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்னும் தொகுப்புத் தகவல்
- ஒலியளவு, இட வலப் பகிர்வு முதலிய கலவை அமைப்புகள்
- எதிரொலி போன்ற விளைவுகளின் அமைப்புகள்
- தாள வேகமும் இடக்குறிகளும்

ஒலிக்கோப்புகளை மட்டும் படியெடுத்துத் தொகுப்புத் தகவலை விட்டுவிட்டால், ஒலித்துண்டுகள் கையில் இருந்தும் அவை எவ்விடத்தில் தொடங்க வேண்டும் என்பது தெரியாமற் போகும். எனவே திட்டக் கோப்புறையை முழுவதுமாகவே படியெடுக்க வேண்டும்.

கொள்ளளவுக் கணக்கு

44.1 கிலோ ஹெர்ட்சு, 16 பிட்டு தரத்தில் ஒரு தடத்துக்கு நொடிக்கு 88,200 பைட்டுகள், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.3 மெகாபைட்டு தேவைப்படுகிறது. 48 கிலோ ஹெர்ட்சு, 24 பிட்டு தரத்தில் இது நிமிடத்துக்கு 8.64 மெகாபைட்டு ஆகும். ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ, பாதுகாப்புப் படிகளுக்குக் குறைந்தது இந்த இரண்டாவது தரத்தைப் பரிந்துரைக்கிறது.

வில்லுப்பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் தலைமைப் பாடகர், பின்பாட்டு, வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை, கூட்டத்தின் ஒலி என 8 தடங்கள் தேவைப்படலாம். 24 பிட்டு தரத்தில் இது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 4.15 கிகாபைட்டு ஆகும். கோயில் கொடை விழாவில் 6 மணி நேரம் நடைபெறும் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 25 கிகாபைட்டு தேவை. மூன்று படிகள் வைக்க 75 கிகாபைட்டு வேண்டும். பதிவுக்குப் புறப்படும் முன்னரே இக்கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது. காலையில் அட்டை நிரம்பிய நிலையில், வேறு படி இல்லாமலே பழைய பதிவை அழித்து இடம் ஏற்படுத்துவது பதிவுகள் தொலைவதற்குரிய பொதுவான காரணங்களுள் ஒன்றாகும்.

எஃப்ஏடி32 முறையில் அமைந்த அட்டைகளில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டுக்கு மேல் வளர இயலாது. நீண்ட பதிவுகளைப் பல கருவிகள் தாமாகவே பல கோப்புகளாகப் பிரித்துவிடும். அவற்றுள் ஒன்று விடுபட்டாலும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி இல்லாமற் போகும்.

காப்பின் இரு வடிவங்கள்

திட்டக் காப்பு: கருவியின் சொந்த வடிவத்தில் திட்டம் முழுவதும் படியெடுக்கப்படுகிறது. மீட்டபின் கலவை அமைப்புகளும் மெய்நிகர் தடங்களும் அப்படியே கிடைக்கும். ஆனால் அதே வகைக் கருவி இருந்தால்தான் அதைத் திறக்க முடியும். விஎஸ்-880 கருவி ஒலியைத் தனக்கே உரிய சுருக்க முறையில் எழுதியதால், அதன் வட்டுகளைப் பிற கருவிகளில் நேரடியாகப் படிக்க இயலாது.

வேவ் ஏற்றுமதி: ஒவ்வொரு தடமும் தனி வேவ் கோப்பாக எழுதப்படுகிறது. எல்லாக் கோப்புகளும் பூச்சிய நொடியிலிருந்தே தொடங்கும்படி ஏற்றுமதி செய்தால், எந்தக் கணினி மென்பொருளிலும் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒத்திசைவுடன் கேட்கலாம். ஆனால் கலவை அமைப்புகள் இதில் வருவதில்லை.

முதல் வடிவம் பணியைத் தொடர உதவுகிறது. இரண்டாவது வடிவம் கருவி வழக்கொழிந்த பின்னும் ஒலியைக் காக்கிறது. எனவே இரண்டையும் எடுத்து வைப்பதே முறையாகும்.

செய்முறை

1. பதிவை நிறுத்தித் திட்டத்தைச் சேமிக்க வேண்டும். படியெடுக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு பாதியில் சிதையக்கூடும் என்பதால், நேரடி மின் இணைப்புடன் நிறைவான மின்கலங்களும் கருவியில் இருத்தல் நல்லது.
2. திட்டத்துக்கு இடமும் நாளும் விளங்கும் பெயர் இட வேண்டும். பல கருவிகள் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை. ஆகவே ஊர், பாடியவர், ஒவ்வொரு தடத்திலும் உள்ள ஒலி ஆகியவற்றைத் தனிக் குறிப்பாக எழுதிப் பதிவுடனேயே வைக்க வேண்டும்.
3. கருவியின் காப்புக் கட்டளையை இயக்க வேண்டும். டாஸ்கம் டிபி-008 போன்ற கருவிகளில் அட்டை இரு பிரிவுகளாக உள்ளது. பாடல்கள் உள்ள பிரிவைக் கணினி காணாது. காப்புக் கட்டளை பாடலை மற்றப் பிரிவுக்கு எழுதிய பின்னரே யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு எடுக்க முடியும்.
4. தடங்களை வேவ் கோப்புகளாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.
5. மூலத்துக்கும் படிக்கும் சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். எம்டி5 போன்ற இத்தொகைகள், கோப்பில் ஒரு பிட்டு மாறினாலும் வேறுபடும்.
6. மீட்புச் சோதனை முடிந்த பின்னரே அட்டையை ஃபார்மட் செய்ய வேண்டும்.

மீட்பும் சோதனையும்

மீட்கும்போது திட்டத்தைப் பழைய திட்டத்தின்மேல் எழுதாமல் புதிய திட்டமாகவே கொண்டுவர வேண்டும். காப்புநகலில் பழுது இருந்து, அது மூலத்தின்மேல் எழுதப்பட்டால், இரண்டும் ஒருங்கே அழியும். இயலுமானால் அதே வகையைச் சேர்ந்த வேறொரு கருவியில் மீட்டுப் பார்ப்பது சிறந்தது. பதிவு செய்த கருவியே பழுதாகும் நாளில் நேரக்கூடியதை இச்சோதனை முன்கூட்டியே காட்டிவிடும்.

மீட்ட திட்டத்தில் தடங்களின் எண்ணிக்கை, மொத்த நேரம், மெய்நிகர் தடங்கள் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் கேட்க வேண்டும். வில்லுப்பாட்டில் வீசுகோல் வில்லில் விழும் ஒலியும் குடத்தின் அடியும் இணைந்து கேட்கின்றனவா என்பதைக் கொண்டு தடங்களின் ஒத்திசைவை அறியலாம். வேவ் கோப்புகளையும் கணினியில் இவ்வாறே கேட்டுப் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடிக் கடற்கரையில் காப்பின் தேவை

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் தூத்துக்குடியிலிருந்து நடைபெற்ற கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிவுற்றது. அதில் 20 அகவையில் மூழ்கிய ஒருவர் 2020-களில் 80 அகவையைக் கடந்தவர் ஆவார். அத்தொழிலை நேரில் கண்டவரின் குரலைப் பதிந்து இழந்தால், அதை ஈடுசெய்ய வேறு குரல் கிடைப்பது அரிது. நா. வானமாமலை (1917–1980) போன்றோர் தொகுத்த நாட்டுப்பாடல்கள் அச்சில் நிலைத்துள்ளன. ஆயினும் அச்சு சொற்களையே காக்கிறது. மெட்டையும் குரலையும் காக்க ஒலிப்பதிவே வேண்டும்.

உப்புக் காற்றும் ஈரப்பதமும் அட்டைகளின் மின்தொடுவாய்களை அரிக்கக்கூடியவை. ஈரம் குறுந்தட்டுகளில் பூஞ்சை பிடிக்கவும் இடமளிக்கிறது. காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளுடன் வைப்பது இவற்றைக் குறைக்கும்.

பெரிய இடர் வெள்ளம் ஆகும். 2023 திசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் நீர் தேங்கியது. தாமிரபரணி பெருக்கெடுத்ததால் அதே நாட்களில் திருநெல்வேலியும் வெள்ளத்துக்கு உள்ளானது. அம்மாதத் தொடக்கத்தில் மிச்சாங் புயலால் சென்னையும் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. தரைத்தளத்தில் வைக்கப்பட்ட படிகளைப் பொறுத்தவரை, தூத்துக்குடியில் ஒன்றும் திருநெல்வேலியில் ஒன்றும் வைப்பது இரு இடங்களாகத் தோன்றினாலும், ஒரே வெள்ளத்தின் முன் ஓரிடமே ஆகும்.

மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒரு படி வெளியூரில் என்னும் 3-2-1 விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. வெளியூர்ப் படியை வேறு ஆற்றுப் படுகையில் உள்ள நகரில் மேல்தளத்திலோ, இணையச் சேமிப்பகத்திலோ வைப்பது இக்கடற்கரைக்குப் பொருந்தும். பெரிய நிறுவனங்களும் இத்தகைய இழப்புக்கு விலக்கல்ல. 2008 சூன் 1 அன்று ஆலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் ஏற்பட்ட தீயில், அங்குச் சேமித்து வைக்கப்பட்டிருந்த மூல ஒலிநாடாக்கள் பெருமளவில் எரிந்தன.

காப்பகங்களில் சேர்த்தல்

தனிப்பட்ட ஆய்வாளரின் வன்வட்டு அவர் காலத்துக்குப் பின் கவனிப்பாரற்றுப் போகக்கூடும். எனவே உரிய இசைவுகளுடன் ஒரு படியைக் காப்பகத்தில் சேர்ப்பது வழக்கம். 1982-இல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தால் தொடங்கப்பட்டு, பின்னர் குருகிராமில் அமைந்த இன இசையியல் காப்பக ஆய்வு மையம், இந்தியாவில் பதிவு செய்து வெளிநாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட இசைப் பதிவுகளின் படிகளை மீண்டும் இந்தியாவில் கிடைக்கச் செய்வதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது.

காப்பகத்துக்கு வேவ் கோப்புகள், தடப் பட்டியல், பாடியவர்களின் இசைவுக் குறிப்பு ஆகிய மூன்றும் சேர்த்து வழங்கப்பட வேண்டும். பதிவின் ஒரு படியைப் பாடியவர்களிடமும் ஊராரிடமும் தருவது நன்றிக்கடன் மட்டுமன்று. அதுவும் வேறோர் இடத்தில் இருக்கும் ஒரு காப்புநகலே ஆகும்.