மலைத்தோட்டக் குடும்பமும் தொலைவழி ஆற்றுப்படுத்தலும்

குடும்பத்தில் நேர்ந்த துன்பத்தைப் பிறர் ஒருவரிடம் எடுத்துரைத்து வழி தெரிந்துகொள்ளுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. தாய்மாமன், ஊர்ப் பெரியவர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் அப்பணியைத் தொன்றுதொட்டுச் செய்து வந்துள்ளனர். முறையான பயிற்சி பெற்ற ஒருவர் அதனைத் தொழிலாக மேற்கொள்வதும், அவர் நேரில் வாராமல் தொலைபேசி வழியாகவோ இணையத்தின் வழியாகவோ உரையாடுவதுமே புதியன. இப்புது முறை நகரத்தாரைக் காட்டிலும் மலைத்தோட்டத்தார்க்கே மிகுதியும் பயன்படத் தக்கது. ஆயினும், அவர்களுக்கே அஃது எளிதில் எட்டாமல் நிற்கிறது. இம்முரண்பாட்டின் காரணம் ஆராயத் தக்கது.

சொல்லும் பொருளும்

‘கவுன்சலிங்’ எனப்படும் இப்பணியைத் தமிழ்நாட்டார் ‘ஆற்றுப்படுத்தல்’ என்றும், இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்றும் வழங்குவர். ‘ஆறு’ என்பதற்கு வழி என்பது பொருள். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் வறுமையுற்று எதிர்வரும் கலைஞனுக்கு வள்ளலின் ஊர்க்குச் செல்லும் வழியைக் கூறுவதாக அமைந்தவை. கூறுபவன் வழியின் இயல்பை விளக்குகிறான். நடக்க வேண்டியவன் கேட்பவனே.

இக்காலத்து ஆற்றுப்படுத்துநரின் நிலையும் அத்தகையதே. அவர் தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்தார் அல்லர். மகன் பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்று தாய் முறையிட்டால், ‘அவனைக் கண்டித்து வையுங்கள்’ என்று அவர் கூறிவிடுவதில்லை. எந்நாளிலிருந்து மறுக்கிறான், பள்ளியில் அவனுக்கு என்ன நேர்ந்தது, வீட்டில் அவனுடன் பேசுபவர் யார் என வினவி, தாயே காரணத்தைக் கண்டறியத் துணை செய்கிறார்.

மலையின் நிலை

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங் நகருக்கு வடக்கே, காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற சிற்றூர் கியா பார்ம். அதனை அடுத்த பகுதியில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் பரந்து கிடக்கிறது. அத்தோட்டம், 1929-இல் ஜே. ஏ. ரசல் நிறுவிய ‘போ’ நிறுவனத்தைச் சார்ந்தது. தேயிலை பயிரிடத் தொடங்கிய காலத்தில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் அடுத்தடுத்து வாழ்ந்தன. ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் மறுவீட்டுப் பாட்டி எழுந்து வருவாள். கணவன் மனைவி பூசல் கதவைத் தாண்டுமுன்னரே பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்துவிடுவார்.

இன்று தோட்ட வேலையில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதி. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் ஈப்போ, கோலாலம்பூர் முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். எஞ்சிய குடும்பங்கள் பாட்டியையும் மாமனையும் கைப்பேசியில் மட்டுமே காண்கின்றன. பழைய துணை தளர்ந்தது. புதிய துணையோ கீழே நகரத்தில் இருக்கிறது. கோலாலம்பூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. மலையின் மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. வார இறுதியில் சுற்றுலா வண்டிகள் சாலையை அடைத்துக்கொள்ளும்போது அதுவும் தொலைவாகிவிடும். ஒருநாட் கூலியை இழந்து மலையிறங்கிச் செல்ல எத்தனை பேரால் இயலும்?

தொலைவழித் துணைகள்

துன்புற்றோர்க்கெனத் தொலைபேசியைப் பயன்படுத்தும் முறையை 1953-இல் இலண்டனில் சாட் வரா என்னும் பாதிரியார் தொடங்கினார். அவ்வழியில் கோலாலம்பூரில் ‘பிரெண்டர்ஸ்’ அமைப்பு 1970-இலும், சென்னையில் ‘சினேகா’ 1986-இலும் தோன்றின. மலேசிய மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு நடத்தும் ‘தாலியான் காசே’ என்னும் தொடர்பின் எண் 15999. சுகாதார அமைச்சு 2022-இல் 15555 என்னும் எண்ணில் மனநலத் தொடர்பு ஒன்றைத் தொடங்கியது. 2020 மார்ச்சு 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் வீட்டை விட்டு வெளியேற இயலாத பலர்க்கு இத்தகைய தொடர்புகளே கதவாயின.

குடும்பத்தாரைப் பொறுத்தவரை தொலைவழிக்குத் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் 1957 முதலே நோயாளியுடன் உறவினரையும் தங்கச் செய்து, குடும்பத்தையே மருத்துவத்தின் பகுதியாக்கியது. காணொளி உரையாடலோ வெவ்வேறு ஊரிலுள்ளோரையும் ஒன்றுகூட்டுகிறது. தாய் கியா பார்மிலும், தந்தை வேறூரில் வேலையிலும், மூத்த மகள் விடுதியிலும் இருப்பினும் மூவரும் ஒரே நேரத்தில் அமர்ந்து பேசலாம்.

தடைகள் மூன்று

முதல் தடை மொழி. அலுவலுக்கு மலாய் அறிந்த தாயும், தன் அச்சத்தைச் சொல்லத் தமிழையே நாடுவாள். ஆதலின், அழைத்தவுடன் தமிழ் அறிந்தவர் உளரா என்று கேட்பதும், இன்றேல் அவர் எப்போது கிடைப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் நன்று.

இரண்டாவது, தனிமையின்மை. சிறு வீட்டில், மெல்லிய சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் இருக்க, குடிகாரக் கணவனைப் பற்றியோ மகளின் மனச்சோர்வைப் பற்றியோ வாய்திறக்க இயலாது. மூன்றாவது, கருவி. வீட்டில் கைப்பேசி ஒன்றே இருந்து அதுவும் கணவனின் பையில் இருக்குமாயின், மனைவிக்கு இச்சேவை இல்லையென்றே கொள்ள வேண்டும்.

இத்தடைகளைக் கடக்கும் முறையொன்றைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் காணலாம். சென்னையின் ‘ஸ்கார்ப்’ மனநோய் ஆய்வு நிறுவனம் 2010-இல் அங்குப் பேருந்து ஒன்றை ஊர்தோறும் செலுத்தியது. அதனுள்ளே தனியறையும் மருந்தகமும் இருந்தன. தொலைவிலுள்ள மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியோடும் உறவினரோடும் தமிழில் உரையாடினார். உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிச் சென்றும் துணைபுரிந்தனர். கருவி மட்டும் போதாது. மூடிய கதவும், அறிந்த முகமும், தாய்மொழியும் உடன் வேண்டும் என்பதே அம்முயற்சி காட்டும் உண்மை.

எல்லையும் பாதுகாப்பும்

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, பதிவும் தொழிற்சான்றும் பெற்றவரே ஆலோசகராகத் தொழில் நடத்தலாம். இணையத்தில் கட்டணம் கேட்பவரிடம் அப்பதிவெண்ணைக் கேட்பது குடும்பத்தாரின் உரிமை. பேசியவற்றை மறைவாகக் காப்பது ஆலோசகரின் கடமை. ஆயினும், உயிருக்கோ குழந்தைக்கோ ஊறு நேரும் நிலையில் அம்மறைவு நெகிழும். இவ்விதிவிலக்கை முதற் சந்திப்பிலேயே தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும்.

அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒரே திரையின்முன் அமர்த்துவது தீங்காகவும் முடியலாம். அத்தகையவள் தனித்தே பேச வேண்டும். உடனடி ஆபத்தாயின் அழைக்க வேண்டிய எண் 999. கடும் மனநோய்க்கு மருத்துவமனையே உரிய இடம்.

செய்யத் தக்கது

கேமரன் மலையின் தமிழ்ப்பள்ளி, கோயில் மண்டபம், தோட்ட மருந்தகம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றில், கதவு மூடக்கூடிய சிற்றறையும் நல்ல இணைய இணைப்பும் அமைத்து, வாரத்துக்கு ஒரு மாலை தமிழறிந்த பதிவுபெற்ற ஆலோசகருடன் பேச ஏற்பாடு செய்தல் பெருஞ்செலவுடைய காரியமன்று. அறையின் பெயர்ப்பலகையில் ‘பெற்றோர் சந்திப்பு’ என்று மட்டும் எழுதினால் போதும். உள்ளே செல்பவரைக் குறித்து ஊரார் வம்பு பேசுதற்கு இடமிராது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் முன்வந்தால் இவ்வேலையை ஒரு பள்ளித் தவணைக்குள்ளேயே தொடங்கிவிடலாம்.