டப்பாவுக்குள் இருப்பது என்ன?



நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் கரிய நிறத்தில் பெரிய டப்பா ஒன்று வீற்றிருப்பதைக் காணலாம். மகன் உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கியதாக இருக்கும். அல்லது துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மச்சான் கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். மேலே புஜத்தை முறுக்கிக் காட்டும் படம். உள்ளே கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு தூள். நாள்தோறும் ஒரு கரண்டி அளந்து, நீரில் குலுக்கிக் குடிக்கப்படுகிறது. வாப்பாவுக்கு அதன் விலை தெரியும். உம்மாவுக்கு, காலியானதும் அது பருப்புப் போட்டு வைக்க உதவும் என்பது தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குடிக்கும் மகனுக்கும் தெரியாது.

நான் மருத்துவன் அல்லன். கலைத்துறையில் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்துபவன். மேல்வகுப்பு மாணவர் ஒருவர் இத்தகைய டப்பாவைக் கொண்டுவந்து, "உஸ்தாத், இது ஹலாலா?" என்று கேட்டார். ஒரு பொருள் ஹலாலா என்று சொல்லுமுன் அது என்ன பொருள் என்று தெரியவேண்டுமல்லவா? எனவே அதன் முதுகில் அச்சிட்டிருந்த பொடியெழுத்துகளைப் படிக்கலானேன். அந்தப் பட்டியலை இப்போது உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறேன்.

பட்டியலில் முதலிடம் பெறுபவை அமினோ அமிலங்கள். நாம் உண்ணும் புரதம் என்பது ஒரு மணிமாலை என்று வைத்துக்கொண்டால், அதில் கோக்கப்பட்ட மணிகளே இவை. மொத்தம் 20 வகை. வயிற்றில் மாலை அறுந்து மணிகள் உதிர்கின்றன. உடல் அவற்றை எடுத்துத் தனக்குத் தேவையான வேறு மாலைகளைக் கோத்துக்கொள்கிறது. இருபதில் ஒன்பதை மட்டும் உடலால் தானே செய்துகொள்ள இயலாது. அவை உணவிலிருந்துதான் வரவேண்டும். இவ்வொன்பதில் ஒன்றான திரியோனின் 1930களில்தான் கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லியம் ரோஸ் என்ற அறிஞரின் உழைப்பு அது.

டப்பாக்காரர்கள் பெரிதாக விளம்பரப்படுத்துபவை இந்த ஒன்பதில் மூன்று: லூசின், ஐசோலூசின், வாலின். இவற்றுள் லூசினுக்குத் தனிச்சிறப்பு உண்டு என்பது மெய்யே. தசையைக் கட்டும் வேலையைத் தொடங்கு என்று உடலுக்குச் சொல்லும் குரல் அதற்கு இருக்கிறது. ஆனால் மேஸ்திரி குரல் கொடுத்தால் மட்டும் சுவர் எழும்பிவிடுமா? செங்கல்லும் மணலும் சிமெண்டும் வந்து இறங்கவேண்டும். மற்ற ஆறும் இல்லாத இடத்தில் இந்த மூன்றை மட்டும் எத்தனை கரண்டி குடித்தாலும் புதிய தசை கட்டப்படுவதில்லை. அந்த ஆறும் சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றால், அதே சாப்பாட்டில் இந்த மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன!

நம் நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. மெத்தியோனின் போதிய அளவு உண்டு. பாசிப்பருப்பில் நேர்மாறாக, லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பி, ஒன்பதும் ஏற்ற விகிதத்தில் சேர்ந்துவிடுகின்றன. கொஞ்சம் கொத்துக்கறியும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதைக் கண்டுபிடித்த நம் மூதாட்டிகள் லைசினைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

இனி அளவுக்கு வருவோம். சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ள இளைஞருக்கு ஏறத்தாழ 50 கிராம். பளு தூக்கிக் கடும் பயிற்சி செய்வோர்க்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன் தரக்கூடும். அதாவது 96 கிராம். இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16, நூறு கிராம் மீனில் 20, ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையில் 10, பருப்பில் 10, மூன்று வேளை அரிசியில் 20 என்று கூட்டிப் பாருங்கள், 88 வந்துவிட்டது. மாலையில் ஒரு பிடி வேர்க்கடலை கொறித்தால் கணக்கு முடிந்தது.

புரதத் தூள் நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. வே புரோட்டீன் எனப்படுவது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கப்படும் பாற்புரதம்தான், நல்ல புரதம்தான். விலைதான் பேச்சு. ஒரு கிலோ டப்பா 2,100 ரூபாய் என்றும், முட்டை ஒன்று 7 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்கு 300 முட்டை வரும். டப்பாவில் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய 750 கிராம். முட்டையில் 1,800 கிராம். டப்பாவை ஒருவன் குடிப்பான். முட்டையை வீடே சாப்பிடும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களிலும், உடலைப் பருக்கவைக்கப் புரதத் தூள்களை நாட வேண்டாம் என்றே அறிவுறுத்தப்பட்டுள்ளது.

அந்த நிறுவனம் பிறந்தது நம் தமிழ் மண்ணில் என்பதை வாசகர்கள் அறிவீர்களா? 1918இல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்பவர் தொடங்கிய ஆய்வுக்கூடமே பின்னர் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குச் சென்றது. பெரிபெரி என்பது வைட்டமின் பி1 குறைவால் கால் துவண்டு, நெஞ்சு வீங்கி, உயிரையே பறிக்கும் நோய். தீட்டித் தீட்டி வெளுத்த பச்சரிசியை மட்டும் உண்டோரை அது பிடித்தது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் புழுங்கலரிசியிலோ, தவிட்டிலுள்ள அந்த வைட்டமின் அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. வைட்டமின் என்ற பெயரே இந்நோயை ஆராய்ந்ததன் விளைவாக, காசிமிர் ஃபங்க் என்பவரால் 1912இல் சூட்டப்பட்டதுதான்.

டப்பாவில் பி வகை வைட்டமின்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் "சக்தி அளிக்கும்" என்ற வாசகமும் இருக்கும். வைட்டமினில் சக்தி கிடையாது. சோற்றிலும் எண்ணெயிலும் உள்ள சக்தியை உடல் எடுத்துக்கொள்ள அது துணை செய்கிறது, அவ்வளவே. வேண்டிய அளவு இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் கூடுதல் பலம் வராது. அந்தப் பானத்தைக் குடித்த பின் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போவது கண்டு சிலர் மிரளுகின்றனர். மிரள வேண்டியதில்லை. வேண்டாத பி2 வைட்டமின் வெளியேறுகிறது. கொடுத்த காசில் ஒரு பகுதி!

எல்லாம் அப்படிப் போய்விடுவதில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. பி6 வைட்டமின் நமக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிகிராம் போதும். அதை நெடுங்காலம் மிகையாக உட்கொண்டால் நரம்புகள் பழுதுற்றுக் கைகால் மரத்துப்போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் இதற்கான உச்ச வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. காலையில் பானம், மதியம் சத்து மாத்திரை, இரவில் இன்னொரு தூள் என்று மூன்றிலும் பி6 இருக்குமானால் மூன்றையும் கூட்டிப் பார்க்கவேண்டும். பயோட்டின் மிகுந்த பொருள்களை உண்போர் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும்போது அதை மருத்துவரிடம் சொல்லிவிடுதல் நலம். தைராய்டு சோதனையிலும் மாரடைப்பைக் கண்டறியும் சோதனையிலும் அது தவறான முடிவைக் காட்டக்கூடும்.

தாது உப்புகளைப் பொறுத்தவரை, வியர்வையில் பெரும்பகுதி போவது சாதாரண உப்பின் சோடியமே. 1965இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கால்பந்து வீரர்களுக்காக உருவாக்கப்பட்ட விளையாட்டுப் பானத்தின் உள்ளடக்கமும் தண்ணீர், உப்பு, சர்க்கரை, எலுமிச்சை என்ற அளவில்தான் இருந்தது. உப்பும் சர்க்கரையும் இட்ட எலுமிச்சைச் சாறு அந்த வேலையைச் செய்யும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு; ஆகவே மிகுந்து வியர்த்தவர் இளநீரோடு உப்புள்ள ஏதேனும் உண்பது நன்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல டப்பாக்களில் இரும்புச் சத்தும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நன்றாகச் சாப்பிடும் இளைஞனுக்கு அதைத் தனியே கொடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அதே வீட்டில், அடுத்த அறையில், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மகளின் நகமும் உதடும் வெளுத்திருப்பதை யார் கவனிக்கிறார்கள்? 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆண்களில் 25 பேர். மகனின் புஜத்துக்காக இரண்டாயிரம் ரூபாயைத் தயங்காமல் எடுத்துக் கொடுக்கும் வாப்பா, மகளுக்கு ஹீமோகுளோபின் சோதனை செய்யும் சிறு செலவை ஏன் தள்ளிப்போடுகிறார்? ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையும் சமைக்கும் நாளில் அவள் தட்டுக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் போகட்டும். கீரையின் மேல் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்கு சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

எதிலிருந்து எடுக்கப்பட்டது?

மாணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அமினோ அமிலங்களைச் சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையை நுண்ணுயிர் கொண்டு புளிக்கவைத்தும் எடுக்கலாம். பறவை இறகு, விலங்கு மயிர் ஆகியவற்றைக் கரைத்தும் எடுக்கலாம். சிஸ்டீன் என்பது பன்றி மயிரிலிருந்தும் மனிதத் தலைமுடியிலிருந்தும்கூட எடுக்கப்பட்டதுண்டு. எதிலிருந்து எடுத்தாலும் டப்பாவில் பெயர் ஒன்றுதான். கொலாஜன் என்றிருந்தால் அது பெரும்பாலும் மாடு, பன்றி, மீன் இவற்றில் ஏதோ ஒன்றின் தோலோ எலும்போ ஆகும். வைட்டமின் மாத்திரைக் கூடுகளில் ஜெலட்டின் இருக்கும், அதுவும் அவ்வாறே. டி3 வைட்டமின் பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து வருகிறது. வே புரோட்டீனில் கேள்வி பாலைப் பற்றியதன்று. பாலைத் திரிக்கப் பயன்படுத்திய ரென்னெட்டைப் பற்றியது. அது கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படும்; நுண்ணுயிரிலிருந்தும் எடுக்கப்படும். ஹலாலான முறையில் அறுக்கப்படாத கன்றின் ரென்னெட்டைப் பற்றி ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

இந்தியாவில் விற்கப்படும் டப்பாவில் ஒரு வசதி இருக்கிறது. சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால், பாலைப் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, விலங்கின் உடற்பொருள் அதில் இல்லை என்று தயாரிப்பாளர் சட்டப்படி உறுதி கூறுகிறார். பழுப்பு நிற முக்கோணம் இருந்தால் எதிலிருந்து என்று கேட்டே ஆகவேண்டும். மச்சான் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த டப்பாவில் இந்தக் குறிகளை எதிர்பார்க்க முடியாது. அதில் ஹலால் முத்திரை இருக்கிறதா, அதை வழங்கிய அமைப்பு எது என்று பாருங்கள்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. புரதத்தின் அளவைச் சோதிக்க இன்றும் வழங்கிவரும் ஒரு முறை 1883இல் யோஹான் கெல்டால் என்பவர் வகுத்தது. அது நைட்ரஜனை அளக்குமேயன்றிப் புரதத்தை நேரே அளக்காது. ஆகவே விலை மலிவான கிளைசின், டாரின் முதலியவற்றைக் கலந்தால் சோதனையில் புரதம் கூடுதலாகத் தெரியும். 2008இல் சீனத்தில் பாலில் மெலமைன் கலந்ததும் இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான். ஆறு பச்சிளங்குழந்தைகள் மாண்டன. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. புரதத் தூளின் பட்டியலில் கிளைசினும் டாரினும் தனியே எழுதப்பட்டிருந்தால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

உண்மையில் வேலை செய்யும் பொருள் ஒன்றையும் குறிப்பிடுவது நியாயம். கிரியேட்டின் என்பது இறைச்சியிலும் மீனிலும் இயற்கையாக இருப்பது. நாளுக்கு 3 முதல் 5 கிராம் வரை உட்கொண்டால் குறுகிய நேரக் கடும் முயற்சிக்கு உதவுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. அதை உண்பவரின் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு சற்று உயர்ந்து, சிறுநீரகம் கெட்டதுபோல் காட்டும். மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டால் வீண் கலக்கம் இராது. ஏற்கெனவே சிறுநீரகக் குறைபாடு உள்ளவரோ, நீண்டகாலச் சர்க்கரை நோயாளியோ இந்த டப்பாக்கள் எதையும் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது.

பயிற்சிக்கு முன் குடிக்கும் பானத்தில் உடம்பு சுறுசுறுவென்று ஊறுவது பீட்டா அலனின் என்பதன் வேலை. முகம் சிவந்து எரிவது பெரும்பாலும் நியாசினின் வேலை. பையன்கள் இதை "மருந்து ஏறுகிறது" என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். அவர்களை உந்தித் தள்ளும் பொருள் வேறு. அது காப்பியில் உள்ள காஃபீன். ஒரு கோப்பை காப்பியில் 80 முதல் 100 மில்லிகிராம் இருந்தால், இப்பானத்தின் ஒரு கரண்டியில் 200, சிலவற்றில் 300 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு வேளைக்கு 200 என்பதே வளர்ந்த ஆரோக்கியமான ஒருவருக்கு ஐரோப்பிய அமைப்பு 2015இல் வகுத்த வரம்பு. பள்ளி மாணவர்க்கு இது உரியதே அன்று.

ரமளானில் பல இளைஞர்கள் தராவீஹ் முடிந்த பின் பயிற்சிக்குச் செல்கிறார்கள். உள்ளே போன காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்கு 200 மில்லிகிராம் குடித்தவரின் உடலில், ஸஹருக்கு எழுப்பும் மூன்று மணிக்கும் ஒரு கோப்பைக் காப்பியின் அளவு மிஞ்சி நிற்கிறது. அவரை எழுப்ப வேண்டிய தேவை இராது; அவர் உறங்கியே இருக்கமாட்டார்.