முயல் ஜோடி வாங்கும் முன்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் மீன், லவ் பேர்ட்ஸ் விற்கும் கடைகளில் முயல் குட்டிகளும் வந்துவிடும். கம்பிக் கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். குழந்தை அந்தக் கூண்டின் முன்னால் நின்றுவிட்டால், பிறகு வாங்காமல் நகர முடியாது. "ஒத்தையா வாங்காதீங்க சார், ஏங்கிப் போயிடும். ஜோடியா எடுத்துக்கோங்க" என்பார் கடைக்காரர். அவர் சொல்வதில் பாதி உண்மைதான். முயல் கூட்டமாக வாழும் பிராணி. ஆனால் இரண்டு குட்டிகளை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டால் மட்டும் அவை ஜோடியாகிவிடாது.

முதல் சிக்கல், எது ஆண், எது பெண் என்பதே. ஆறு வாரக் குட்டியை மல்லாத்திப் பிடித்து, குறியின் மேல் தோலை விரலால் மெல்ல விலக்கினால், ஆணுக்கு வட்டமான முனையும் பெண்ணுக்கு நீளவாக்கில் பிளவும் தெரியும். அந்த வயதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் பழகிய கைகளே தவறிவிடும். இதையெல்லாம் பார்க்காமல்தான் பெரும்பாலான கடைகளில் "ஒண்ணு ஆண், ஒண்ணு பெண்" என்று கொடுக்கிறார்கள்.

நான்காவது மாதம் வரை வீட்டில் ஒரு குறையும் இருக்காது. அதன் பிறகு உண்மையில் ஆணும் பெண்ணுமாக அமைந்திருந்தால் குட்டிகள் வரும். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே அது மறுபடி சினைப்பிடிக்கும். இரண்டுமே ஆணாக அமைந்துவிட்டால் சண்டை. முயல் சண்டை என்றால் சும்மா துரத்தல் என்று நினைத்துவிடாதீர்கள். காதைக் கிழித்துக்கொள்ளும், விரையைக் கடித்துக் குதறிவிடும். ஒரே தாயின் குட்டிகளானாலும் இதில் விதிவிலக்கு இல்லை. இரண்டு பெண் முயல்களும் இடத்துக்காக அடித்துக்கொள்வதுண்டு.

அப்போதுதான் "எங்காவது விட்டுவிடலாம்" என்ற யோசனை வருகிறது. ஏரிக்கரை, பூங்கா, கோயில் நந்தவனம், கல்லூரி வளாகம் என்று இடம் தேடுகிறார்கள். புல் இருக்கிறதே, பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். பிழைக்காது. நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம். வீட்டு முயல் ஐரோப்பிய முயலின் வழிவந்தது; நம் கடைகளுக்கு வருபவற்றில் பல, நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற, இறைச்சிக்காக வளர்க்கப்படும் பண்ணை இனங்களின் குட்டிகள். தெருநாய்க்கும் கீரிக்கும் முன்னால் அவற்றுக்கு ஓடத் தெரியாது. வளர்ப்புப் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், போதிய தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவதும் அதே பிரிவில் வருகின்றன. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். அறுபதாண்டுக்கு மேலாகியும் இந்தத் தொகையை உயர்த்தாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு. ஆனால் தண்டனை சிறியது என்பதால் செயல் சட்டப்படி சரியாகிவிடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயலில் பிடித்த காட்டு முயல் குட்டியை யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

வாங்குகிறவருக்கு உரிமைகள் இருக்கின்றன, பலர் கேட்பதில்லை. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனையோடு முயலையும் சேர்த்தே பேசுகின்றன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. எங்கிருந்து வாங்கினார், யாருக்கு விற்றார் என்ற கணக்கைக் கடைக்காரர் வைத்திருக்க வேண்டும். ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம், அதில் தயக்கம் வேண்டாம். பில் கேளுங்கள். வாங்கிய தேதி, குட்டியின் வயது, ஆணா பெண்ணா என்று அவர் சொன்னது, மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காமல் வருவதே நல்லது. கூண்டிலிருக்கும் குட்டிகளின் மூக்கு நுனியிலும் காது ஓரத்திலும் சாம்பல் பூத்தாற்போலப் பொருக்கு இருந்தால் அது சொறி. மற்ற குட்டிகளுக்கும் பரவியிருக்கும். மூக்கு ஒழுகி, முன்னங்கால் உட்புற மயிர் பிசுபிசுப்பாக இருந்தால் சளி நோய். அங்கே எதையும் எடுக்காதீர்கள்.

சரி, ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, என்ன செய்வது? இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதிசெய்யுங்கள். மூன்றரை மாதத்துக்குள் தனித்தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். கருத்தடை ஆபரேஷனை ஆணுக்கு நான்கு மாதத்துக்குப் பிறகும், பெண்ணுக்கு ஐந்தாறு மாதத்துக்குப் பிறகும் செய்யலாம். பெண் முயலுக்கு இது இனப்பெருக்கத்தைத் தடுப்பது மட்டுமல்ல; ஆபரேஷன் செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பது நம் நடைமுறைக் கஷ்டம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் கல்லூரி போன்ற இடங்களில் விசாரிக்கலாம். ஆபரேஷனுக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி முழுக்கப் பட்டினி போடணுமா?" ஆம் என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள். முயலால் வாந்தியெடுக்க முடியாது. எனவே நாய்க்குச் சொல்லும் பட்டினி அதற்குத் தேவையில்லை. குடல் நின்றுபோகும் ஆபத்துதான் மிஞ்சும்.

இரண்டுக்கும் ஆபரேஷன் செய்ய வசதியில்லை என்றால் ஆணுக்கு மட்டுமாவது செய்யுங்கள். அது எளிது, செலவும் குறைவு. ஆனால் ஆபரேஷன் முடிந்த ஆணை உடனே பெண்ணோடு சேர்க்கக் கூடாது. நான்கிலிருந்து ஆறு வாரம் வரை அதனால் சினைப்பிடிக்கச் செய்ய முடியும்.

அந்த ஆறு வாரத்தை வீணாக்க வேண்டாம். கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும், இல்லையென்றால் கம்பி வழியே மூக்கைக் கடித்துவிடும். இதன் துணியை அதன் கூண்டிலும், அதன் துணியை இதன் கூண்டிலும் மாற்றிப் போடுங்கள். சில நாள் கழித்துக் கூண்டையே மாற்றுங்கள். முயல் மூக்கால் உலகத்தை அறிகிற பிராணி. மற்றதன் வாசனை தன் தீனித்தட்டுக்கு அருகிலேயே இருந்து பழகிவிட்டால், நேரில் பார்க்கும்போது பாதி மிரட்சி போயிருக்கும்.

முதல் சந்திப்பு இரண்டும் அதுவரை நுழையாத இடத்தில் நடக்க வேண்டும். குளியலறை, மாடிப்படி முகப்பு, பக்கத்து வீட்டு அறை, எதுவானாலும் சரி. டைல்ஸ் தரையில் கால் வழுக்கிப் பயந்துவிடும், சாக்கோ பாயோ விரியுங்கள். வீட்டில் இருவர் கூட இருங்கள், கையில் தடித்த துண்டு இருக்கட்டும். இறக்கிவிட்டதும் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஒன்று மூலையில் போய்த் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும், மற்றது சாக்கை மோந்துகொண்டிருக்கும். பிறகு ஒன்று மெல்ல வந்து மற்றதன் பின்புறத்தை மோப்பம் பிடிக்கும். துரத்தும், மேலே ஏறும். பெண்ணும் ஏறும், யார் பெரியவர் என்று முடிவு செய்துகொள்வதன் ஒரு பகுதி இது, பதறிப் பிரிக்காதீர்கள். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் இறக்கிவிடுங்கள், கீழே இருப்பது கடித்துவிடும். இரண்டு காதும் முதுகோடு ஒட்டி, வால் விறைத்து நின்றால் அடுத்தது பாய்ச்சல்தான். அப்போது துண்டை இடையில் போடுங்கள். இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு சுழலத் தொடங்கிவிட்டால் அன்றைய சந்திப்பு முடிந்தது. வெறுங்கையை நுழைக்காதீர்கள், உங்கள் விரலில் எலும்புவரை பல் இறங்கும்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். சண்டை வரும்வரை காத்திருக்காமல், இரண்டும் அமைதியாக இருக்கும் நேரத்தில் பிரித்துவிடுங்கள். மல்லித்தழையை ஒரே தட்டில் வைத்துத் தின்னவிட்டுப் பிரிப்பது நல்ல வழி. நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். ஒன்று தலையைத் தரையோடு தாழ்த்தி மற்றதன் மூக்கருகே நீட்டினால் "என்னை நக்கிவிடு" என்று கேட்கிறது. அது நக்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இரண்டு நாள் இரவும் பகலும் சேர்ந்து தின்று, ஒட்டிப் படுத்து, ஒரு சண்டையும் வரவில்லை என்றால்தான் ஒரே கூண்டு. அந்தக் கூண்டையும் வினிகர் கலந்த தண்ணீரால் கழுவி, பழைய வாசனை இல்லாமல் செய்துவிட்டு விடுங்கள். இதற்குச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். பெட்டியில் போட்டு வண்டியில் சுற்றினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு குறுக்குவழி சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயந்து ஒடுங்கியதை நட்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது, பயத்தாலேயே குடல் நின்றுபோன முயல்களும் உண்டு.

சேர்ந்த ஜோடியைப் பிறகு பிரிக்காதீர்கள். ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோனால் மற்றதையும் கூடவே கொண்டுபோங்கள். மருத்துவமனை வாசனையோடு தனியே திரும்பி வரும் முயலை வீட்டிலிருப்பது அந்நியனாக நினைத்துத் தாக்குவதுண்டு.

மனிதரோடு பழக்குவதும் இதே பொறுமைதான். தூக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள், அதுவாக வரும். முயலுக்கு மூக்கின் நேர் முன்னால் இருப்பது தெரியாது. அங்கே கையை நீட்டினால் மிரளும், நெற்றியில் தொடுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது வதை. மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடப்பது சுகத்தினால் அல்ல, செத்ததுபோல் கிடக்கும் பயம். பின்னங்காலை உதறித் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் பிராணி அது. குழந்தைகளின் மடியில் வைக்காமல் பக்கத்தில் உட்காரவைப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

தீனி விஷயத்தில் நம் வீடுகளில் கேரட்டும் முட்டைக்கோசும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். தேய்ப்பதற்குப் புல் வேண்டும், தட்டில் எந்நேரமும் புல் இருக்க வேண்டும். வெளிநாட்டு உலர்புல் பாக்கெட் வாங்க முடியாதவர்கள் அருகம்புல்லை நிழலில் காயவைத்துக் கொடுக்கலாம். களைக்கொல்லி அடிக்காத இடத்துப் புல்லாக இருக்கட்டும். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளர்ந்த முயலுக்குக் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். சோறு, பிஸ்கட், இட்லி வேண்டவே வேண்டாம். விடியற்காலையில் அது தன் பின்புறத்திலிருந்தே திராட்சைக் கொத்துபோல் ஒட்டிய மெல்லிய புழுக்கையை எடுத்துத் தின்னும். அடித்துத் தடுக்காதீர்கள். குடலில் உருவாகும் சத்தை அது அப்படித்தான் திரும்பப் பெறுகிறது.

முயல் வளர்க்கிறவர் தினமும் பார்க்க வேண்டியது புழுக்கையைத்தான். அளவு சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, முயல் மூலையில் கூன்போட்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால் அதற்கு வலிக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாத முயல் அவசர நோயாளி. நாளைக் காலை பார்க்கலாம் என்று விட்டால் நாளைக் காலை இருக்காது. வேட்டையாடப்படும் பிராணி என்பதால் நோயை மறைத்துக்கொள்ளும். நமக்குத் தெரியவரும்போதே நோய் முற்றியிருக்கும். மருந்திலும் கவனம் வேண்டும். வீட்டில் மீந்த அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவற்றை வாயில் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து முயல் சாகும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயும் முயலுக்கு விஷம். அவசரத்தில் முயல் பார்த்துப் பழகாத மருத்துவரிடம் போக நேர்ந்தால் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மருந்துச் சீட்டை எழுதி வாங்குங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலை முயல் தாங்காது. அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். தகரக் கூரைக்கு அடியிலும் மொட்டை மாடியிலும் கூண்டை வைக்காதீர்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் காதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

வாங்கிய சில நாளிலேயே குட்டி நோயில் செத்துப்போனாலோ, கடைக்காரர் சொன்னதற்கு மாறாக இருந்தாலோ, நோயுற்ற குட்டியின் படம், பில், மருத்துவரின் சீட்டு ஆகியவற்றோடு முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டாண்டுக்குள் மனு போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. பதிவில்லாத கடை, நெரிசலான கூண்டு பற்றியென்றால் மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும், மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் எழுதலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது பலன் தரும் வழி.

அடுக்குமாடிச் சங்கம் செல்லப்பிராணியே கூடாது என்றால், அப்படி ஒட்டுமொத்தமாகத் தடை போட முடியாது என்று 2021இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டிப் பேசுங்கள். அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல, ஆனால் வாதத்துக்கு வலு சேர்க்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் குட்டி வாங்குமுன்பே ஒப்பந்தத்தைப் படித்துவிட வேண்டும். வீடு மாறும்போதுதான் பல முயல்கள் தெருவுக்கு வருகின்றன. இனி வைத்திருக்க முடியாது என்ற நிலை வந்தால் முயல் வளர்க்கத் தெரிந்த குடும்பத்தையோ விலங்கு நல அமைப்பையோ தேடுங்கள், இடம் கிடைக்கும்வரை நீங்களே வைத்துப் பாருங்கள். கொடுக்கும்போது ஜோடியாகவே கொடுங்கள். தின்று பழகிய புல்லில் ஒரு வாரத்துக்கானதையும், கருத்தடை ஆபரேஷன் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.