கரண்ட் லைன்ல டி.வி. வருமா?

"மருமகனே, இனிமே குரங்குத் தொல்லையே கிடையாது. டி.வி. நம்ம வீட்டுக் கரண்ட் லைன்லயே வந்துரும்!"

போன ஜூலையில் சாரல் அனுபவிக்கலாம் என்று குற்றாலம் போனேன். ஐந்தருவி ரோட்டில் மாமா வீடு. தலையைத் துவட்டக்கூட விடாமல் மாமா சொன்ன முதல் சேதி இதுதான்.

குற்றாலத்துக் குரங்குகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையில் இருக்கும் பழத்தைப் பிடுங்கும், பையைத் திறந்து பார்க்கும். மாமா வீட்டில் அவற்றுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து பின்கட்டு ஜன்னலுக்கு இறங்குகிறதே கறுப்பு ஒயர், அதுதான் ஊஞ்சல். அந்த சீசனில் மட்டும் மூன்று தடவை அறுந்திருந்தது.

அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியாது. பின்கட்டில் ஆச்சி. வயசு எண்பத்தாறு. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, கட்டிலோடு கிடக்கிறாள். அவளுக்கு உலகமே அந்த டி.வி.தான். சீரியல் போன அன்றைக்கு ராத்திரி கஞ்சியும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாளாம்.

அதனால்தான் மாமா அந்தத் தெருவுக்கே வேலை பார்க்கும் ஒயர்மேன் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். தம்பி யூடியூபில் ஏதோ பார்த்திருக்கிறார். 'கரண்ட் ஒயர் வழியாவே பாக்ஸுக்கு கனெக்ஷன் குடுக்கலாம்' என்று ஐடியாவும் கொடுத்துவிட்டார்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். டிஷ் ஒயரின் தோலை உரித்து, உள்கம்பியை ஒரு பின்னிலும் மேல்வலையை இன்னொரு பின்னிலும் முறுக்கி, ஜம்மென்று ஒரு டூ பின் பிளக் தயார்!

"இங்கன பாருங்கண்ணே, வீட்ல எல்லா ரூமுக்கும் கரண்ட் லைன் போகுதுல்லா? மேல சொருகுனா கீழ ஆச்சி ரூம்ல எடுத்துக்கிடலாம்."

தர்க்கம் என்னவோ சுத்தமாக இருந்தது. நான் படித்தது பி.காம். கரண்ட் விஷயத்தில் என் ஞானம் ஃபியூஸ் கட்டையோடு சரி. ஆனாலும் அடிவயிறு கலங்கியது. "மொதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் மதில் மேலிருந்த குரங்குகூட ஓடிப்போனது.

ஏன் கத்தினேன்? டிஷ் ஒயரிலும் மின்சாரம் ஓடத்தான் செய்கிறது. டிஷ்ஷின் மூக்கில் இருக்கிறதே சின்னக் கருவி, எல்.என்.பி., அதற்கு பாக்ஸ் அனுப்புவது 13 அல்லது 18 வோல்ட்தான். வீட்டு லைனில் 230 வோல்ட். அந்த பிளக்கைச் சொருகியிருந்தால் பாக்ஸ் புகைவது இருக்கட்டும். இரும்பு டிஷ்ஷிலேயே ஷாக் ஏறியிருக்கும். சாரலில் நனைந்த மாடி. கொடியில் துணி எடுக்க வெறுங்காலோடு வருகிற அத்தை...

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. பிளக்கைக் கழற்றிக்கொண்டே, "அப்ப யூடியூப்ல காட்டுனது பொய்யாண்ணே?" என்றார்.

பொய் இல்லை. பாதி உண்மை. வீட்டு ஒயரில் மின்சாரம் விநாடிக்கு 50 தடவைதான் ஆடுகிறது. அதே ஒயரில் விநாடிக்குப் பல லட்சம் தடவை ஆடும் மெல்லிய சிக்னலையும் ஏற்றி அனுப்பலாம். ரயில் தண்டவாளத்து ஓரத்தில் எறும்பும் நடந்து போகிறதில்லையா, அந்த மாதிரி. மின் வாரியங்கள் ஹை டென்ஷன் கம்பி வழியாகவே சப்-ஸ்டேஷனுக்கு சப்-ஸ்டேஷன் போன் பேசிக்கொண்ட காலம் உண்டு.

வீட்டுக்கென்று இதற்கு 'ஹோம்பிளக்' என்ற முறை 2001-ல் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக இரண்டு டப்பா. ஒன்றை இன்டர்நெட் ரவுட்டர் பக்கத்து பிளக்கில் சொருகி ஒயரால் இணைக்க வேண்டும். மற்றதை டி.வி. பாக்ஸ் பக்கத்தில் சொருக வேண்டும். இரண்டும் சுவருக்குள் இருக்கும் கரண்ட் ஒயர் வழியே பேசிக்கொள்ளும். 230 வோல்ட் டப்பாவுக்குள்ளேயே நின்றுவிடும். பாக்ஸுக்குப் போவது தகவல் மட்டும்.

ஆனால், இதில் போவது இன்டர்நெட். டிஷ் சிக்னல் போகாது. டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ். சாதாரண வீட்டு ஒயரில் அது சில மீட்டருக்குள் தேய்ந்து போய்விடும். டிஷ்ஷுக்கு அந்தக் கறுப்பு ஒயர்தான் கதி. அதை பி.வி.சி. பைப்புக்குள் விட்டு கிளாம்ப் அடிக்கச் சொன்னேன். தம்பி அரை நாளில் முடித்தார். குரங்குகள் வந்து பைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போயின.

அப்புறம் எதற்கு டப்பா என்கிறீர்களா? ஆச்சிக்கு வாங்கியது டிஷ்ஷும் இன்டர்நெட்டும் சேர்ந்து வேலை செய்கிற பாக்ஸ். மழை வெளுத்துக் கட்டி டிஷ் படம் போனாலும், தூங்கிப்போய் சீரியலைத் தவறவிட்டாலும், நெட்டில் பார்த்துக்கொள்ளலாம். ரவுட்டர் இருப்பதோ முன்னால் தார்சாவில். நடுவே தாத்தா காலத்துக் கருங்கல் சுவர் மூன்று. வைஃபை இரண்டாங்கட்டிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்.

டப்பாக்களை வரவழைத்துச் சொருகினோம். பச்சை விளக்கு எரியவில்லை. இங்கேதான் நம்ம தம்பி ஜெயித்தார். "அண்ணே, மோட்டாருக்காக இந்த வீட்டுக்கு த்ரீ ஃபேஸ். தார்சா ஒரு ஃபேஸ், பின்கட்டு வேற ஃபேஸ்." மெயினை அணைத்து, பின்கட்டை அதே ஃபேஸுக்கு மாற்றினார். எரிந்தது. நான் மெனக்கெட்டு ஸ்பைக் பஸ்டரில் சொருகியிருந்ததையும் பிடுங்கி நேராகச் சுவரில் போடச் சொன்னார். இரைச்சலை வடிகட்டுகிற சாமான் இந்த சிக்னலையும் சேர்த்து வடிகட்டிவிடுமாம்.

டப்பா அட்டையில் 600 என்று போட்டிருந்தது. எனக்குக் கிடைத்தது 38 மெகாபிட். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரிதான் இந்தக் கணக்கும். ஆனாலும் சீரியலுக்கு அதுவே தாராளம்.

ஒரே சிக்கல். அடுக்களையில் அத்தை மிக்ஸியைப் போட்டால் பின்கட்டில் கதாநாயகி கண்ணீரோடு அப்படியே உறைந்து நிற்பாள். மிக்ஸி மோட்டாரின் பொறி லைன் முழுக்க இரைச்சலைக் கிளப்பும். "ஏளா, சட்னிய அம்மில அரைக்கப்படாதா?" என்று ஆச்சி குரல் வரும். மாமியார் - மருமகள் சண்டைக்கு விஞ்ஞானம் தன்னாலானதைச் செய்திருக்கிறது!

இன்னொரு பாதிப்பு மாமாவுக்கு. அவர் சிற்றலை ரேடியோ பைத்தியம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். 2017-ல் பி.பி.சி. தமிழோசை சிற்றலையில் நின்ற பிறகும் விடியற்காலையில் முள்ளைத் திருகி எதையாவது தேடுவார். டப்பா வந்த மறுநாளே ரேடியோவில் ஒரே 'கொர்ர்ர்'. காரணம் இருக்கிறது. இந்த டப்பாக்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசையில் ஏறத்தாழ 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸும் அடக்கம். சிற்றலை வரிசையும் அங்கேதான். கரண்ட் ஒயர் வீடு முழுக்க நீட்டிக் கட்டிய ஏரியல் ஆகிவிடுகிறது. 1990-களின் கடைசியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மின்கம்பி வழியாக இன்டர்நெட் கொடுத்துப் பார்த்தபோதும் ரேடியோ இரைச்சல் புகார் எழுந்தது. 1999-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

இதை மாமாவிடம் விளக்கினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய், தார்சா டப்பா இருந்த சுவிட்சின் மேல் சாக்பீஸால் எழுதினார்: 'காலை 5 - 6 ஆஃப்'.

"ஆச்சி அந்நேரம் முழிச்சுட்டாங்கன்னா?" என்றேன்.

"முழிச்சா என்ன மருமகனே, ரேடியோவைத் தூக்கிட்டுப் போய் அம்மா பக்கத்துல உக்காந்துகிடுதேன்."