இல்லாத பிரேக்கை மிதிப்பவர்கள்!

காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் இரண்டு ரகம். ஏறிய ஐந்தாவது நிமிஷம் குறட்டை விடுகிறவர் ஒரு ரகம். இறங்கும்வரை காலால் தரையை மிதித்துக்கொண்டே வருகிறவர் இன்னொரு ரகம். தரையில் பிரேக் கிடையாது என்பது அவருக்கும் நன்றாகத் தெரியும். காலுக்குத்தான் தெரியாது!

அடியேன் இரண்டாவது ரகம். சுரண்டையிலிருந்து சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம் வழியாகத் தென்காசிக்குப் போகிற ரோடு இருக்கிறதே... சூரியகாந்தி பூக்கிற மாசத்தில் ஊர் ஊராக வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். வண்டியில் எல்லாரும் 'அடடா, என்ன மஞ்சள்!' என்பார்கள். நான் மட்டும் எதிரே வரும் டிப்பர் லாரியின் நம்பரைப் படித்துக்கொண்டிருப்பேன். செங்கோட்டை தாண்டி புளியரை 'எஸ்' வளைவில் கேரளாவுக்குப் போகிற லாரிகள் முக்கி முனகி ஏறும். அங்கே மேல் கைப்பிடியைப் பிடித்தால், கோட்டைவாசல் வந்த பிறகுதான் விரல் பிரியும்.

ஸ்டியரிங் பிடிக்கிற மச்சானுக்கு இந்த பயம் ஏன் வருவதில்லை? அவன் என்ன மகா வீரனா? கொசு பேட் இல்லாமல் தூங்க மாட்டான்.

விஷயம் வேறு. 1969-ல் சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணக்குப் போட்டார். தானாக விரும்பி ஏற்கிற ஆபத்தையும், அடுத்தவர் தலையில் கட்டுகிற ஆபத்தையும் தராசில் வைத்தார். நாமே எடுக்கிற ஆபத்து என்றால் சுமார் ஆயிரம் மடங்கு அதிகமாக இருந்தால்கூட ஏற்றுக்கொள்கிறோமாம்! ஸ்டியரிங் கையில் இருக்கிறவன் தானே எடுக்கிறான். பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது திணிக்கப்படுகிறது. ஒரே கார், ஒரே ரோடு, பயம் மட்டும் ரெண்டு விதம்.

வயிற்றுக்கும் இதே நியாயம்தான். 1991-ல் ரோல்னிக், லுபோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜோடி ஜோடியாக ஆட்களை உட்கார வைத்துச் சுழற்றினார்கள். ஒருவர் கையில் கன்ட்ரோல். இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ஒரே ஆட்டம், ஒரே சுற்று. ஆனால் கன்ட்ரோல் வைத்திருந்தவருக்குக் குமட்டல் குறைவு. மலைப்பாதையில் டிரைவர் வாந்தி எடுத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஆகவே பயணியின் பயம் கோழைத்தனம் அல்ல. கையில் கன்ட்ரோல் இல்லாதவனுக்கு மூளை அடிக்கிற அலாரம். பிரச்னை என்னவென்றால், அந்த அலாரம் சில சமயம் நிற்பதே இல்லை.

என் அம்மா கதை அப்படி. ஒரு மழை நாளில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய கார் ரோட்டோர வாய்க்காலில் இறங்கிவிட்டது. யாருக்கும் கீறல்கூட இல்லை. அன்றோடு அம்மா காரில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். கல்யாணத்துக்குப் போகவில்லை, போகட்டும். ஆனால் அவளுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். மதுரையில் மாசாமாசம் காட்ட வேண்டிய செக்கப். மூன்று தடவை தள்ளிப்போட்டாள். "பஸ்ல போயிருவோம்யா" என்பாள். பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "அடுத்த வாரம் பாப்போம்" என்று திரும்பிவிடுவாள். கண்ணில் நீர் அழுத்தம் காத்திருக்காது. போன பார்வை திரும்பாது. இந்த பயத்தின் விலை அதுதான்.

அவளுக்கு உதவியது புத்திமதி அல்ல. 'பயப்படாதே' என்று சொல்லி இந்த உலகத்தில் ஒருத்தர் பயமும் போனதில்லை! ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர் 1958-லேயே எழுதி வைத்த வழி ஒன்று இருக்கிறது. பயத்தைப் படிக்கட்டாகப் பிரித்து, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறுவது. அதைத்தான் செய்தோம்.

முதல் நாள், வாசலில் நிற்கிற காரில் அம்மா சும்மா உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். பிறகு தெருமுனை வரை. ஒரு வாரம் கழித்து பாவூர்சத்திரம் மார்க்கெட். கத்தரிக்காய் விலை பேசிய ஜோரில் திரும்பி வரும்போது கைப்பிடியைப் பிடிக்க மறந்தே போனாள். அப்புறம் தென்காசி. வண்டி ஓட்டியது என் மாமா பையன். "அத்தை, எங்க நிப்பாட்டணும்னாலும் சொல்லுங்க, நிப்பாட்டிருதேன்" என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டான். அந்த வாக்குதான் பாதி மருந்து. கன்ட்ரோலில் கொஞ்சம் அவள் கைக்கும் வந்துவிட்டதே! இரண்டாவது மாசம் கடையநல்லூர், ராஜபாளையம் வழியாக மதுரை. இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். ஒன்று பயத்துக்கு, ஒன்று காபிக்கு.

சரி, பயம் எல்லாமே சும்மாவா? இல்லை சார். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. டிரைவர் தண்ணி போட்டிருந்தாலோ, கண் சொக்கினாலோ, ஒரு கையில் போன் வைத்து ரீல்ஸ் பார்த்தாலோ, அங்கே தேவை மூச்சுப் பயிற்சி அல்ல. இறங்குவதுதான் வைத்தியம். மேனேஜர் ஓட்டினாலும் சரி, மாப்பிள்ளை ஓட்டினாலும் சரி!

வேகப் பிரியர்களுக்கு பி.காம். கணக்கு ஒன்று சொல்கிறேன். சுரண்டை - தென்காசி 18 கிலோமீட்டர் என்று வையுங்கள். 60-ல் போனால் 18 நிமிஷம். 80-ல் போனால் பதிமூன்றரை நிமிஷம். வரவு நாலரை நிமிஷம், ஒரு டீ ஆறுகிற நேரம். செலவு? பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகப்படி 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க 36 மீட்டர் வேண்டும். 80-ல் 53 மீட்டர். ரோடு நனைந்திருந்தால் இதைப்போல் இரண்டு மடங்கு. நம்மூர் குற்றால சீசனில் ரோடு என்றைக்குக் காய்ந்திருந்தது? நாலரை நிமிஷத்துக்காக இந்தக் கடனை வாங்குகிறவன், வட்டி பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவன்!

சரி, பயணி என்ன செய்யலாம்?

* கிளம்பும் முன்பே பேசுங்கள். வளைவில் வைத்து "ஐயோ!" என்று அலறினால் டிரைவரும் பதறுவார். வண்டி எடுக்கும்போதே, "அண்ணாச்சி, எனக்கு வேகம் ஒத்துக்காது. அறுபதுலயே போவோம்" என்று சொல்லுங்கள். 'உங்களுக்கு ஓட்டத் தெரியலை' என்றால் ரோஷம் வரும். 'எனக்கு ஒத்துக்காது' என்றால் இரக்கம் வரும்.

* எண்ணுங்கள். முன்னால் போகிற பஸ் ஒரு புளியமரத்தைத் தாண்டியதும் 'ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு' என்று சொல்லுங்கள். சொல்லி முடிக்குமுன் நீங்கள் அந்த மரத்துக்கு வந்துவிட்டால் இடைவெளி போதாது. தைரியமாகச் சொல்லலாம். மழை என்றால் நான்கு வரை எண்ண வேண்டும். இடைவெளி சரி என்றால், அலாரம் சும்மா அடிக்கிறது என்று அர்த்தம்.

* மூச்சை மெதுவாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். பார்வை பக்கத்து மரத்தில் வேண்டாம், தூரத்து மலையில் இருக்கட்டும். நமக்கு அதற்கா பஞ்சம்?

* பெல்ட். முக்கியமாகப் பின்சீட்டில். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி வந்த கார் பாலத்துச் சுவரில் மோதியது. விலை உயர்ந்த கார். முன்சீட்டு இருவர் பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்சீட்டுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். பயணியின் கையில் நிஜமாகவே இருக்கிற ஒரே கன்ட்ரோல் இதுதான்.

* இத்தனைக்கும் பயம் அடங்காமல் வேலை, வைத்தியம், தூக்கம் கெடுகிறதா? 14416-க்கு போன் செய்யுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண். இலவசம். தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, ஓட்டுகிற மச்சான்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து சீட்டில் ஒருத்தர் தரையை மிதித்தால் சிரிக்காதீர்கள். உங்கள் காரில் இரண்டாவது பிரேக் இருக்கிறது. அவர் கால் மிதிக்கிற இடத்தில், நீங்கள் மிதித்தால் போதும்!